நாலு நாள் உன் வண்டியோடு

அன்புள்ள மாப்ளே,

நீ விற்கப்போகிற, என்னை வாங்கிக்கொள்ளச் சொல்கிற உன் கவாசாகி நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸை நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, உன் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்தி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேனே, அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். நீயும் இரண்டு தடவை போன் பண்ணி என்னடா முடிவு பண்ணினே என்று கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் பேசிப் பேசியே என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய், ஹாஸ்டலில் பாதி விலை என்று சொல்லி அந்த ஓட்டை டேப் ரெக்கார்டரை என் தலையில் கட்டியவன்தானே நீ. அதனால்தான் எழுத்தில். வேண்டாம்டா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் அப்புறம்.

வண்டி பிடிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. பிடித்துப்போனதால்தான் இத்தனை நாள் தூக்கமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் சில்க் போர்டு ஜங்ஷனைத் தாண்டுகிற வரைக்கும் தொடை இரண்டும் தோசைக்கல்மேல் இருந்தன, அதை விடு, நாலு சிலிண்டர் வண்டியை அந்த நெரிசலில் ஓட்டினால் சூடு வரத்தான் செய்யும். ஓசூர் தாண்டி ரோடு விரிந்ததும் கையை எடுத்தாலும் வேகத்தை அப்படியே பிடித்துவைக்கிற க்ரூஸ் கன்ட்ரோலை 80-இல் போட்டுவிட்டு வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். ஆறாவது கியரில் இன்ஜின் நாலாயிரம் ஆர்பிஎம்மைக்கூடத் தொடவில்லை. கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியின் நம்பரைப் படிக்க முடிகிறது மாப்ளே! என் பஜாஜ் டாமினார் 400-இல் கண்ணாடியில் லாரி வருகிறது என்று தெரியும், எத்தனை லாரி என்பது ஒரு யூகம்தான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோதுகூட வண்டி தலை கவிழாமல் அப்படியே தரையோடு உட்கார்ந்தது. நம் ராசிபுரத்துப் பக்கம் ஆண்டகளூர் கேட் வந்து இறங்கும்போது கை மரத்துப்போகவில்லை, காது இரையவில்லை. இன்னொரு இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன், கன்னியாகுமரிக்கே போயிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி வாங்கிவிடுவது என்றே முடிவு பண்ணியிருந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவள் வெளியே வந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்து, மாடியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, பிடித்துக்கொள்ள நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, உனக்குத்தான் தெரியுமே.

மறுநாள் கொல்லிமலை. அங்கேதான் கதை மாறியது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு, முக்கால்வாசி வளைவுகள் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தித் திருப்புகிற மாதிரி. 142 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? முதல் கியர், இரண்டாவது கியர், திரும்ப முதல் கியர். உன் வண்டி 235 கிலோ, என்னுடையது 185 சொச்சம், அதாவது ஒரு சிமெண்ட் மூட்டை வித்தியாசம். நேர் ரோட்டில் அந்த மூட்டை வண்டியோடு ஒட்டிக்கொண்டு கம்மென்று இருக்கிறது, ஊசி வளைவில் இறங்கும்போது மொத்தமாக என் மணிக்கட்டுமேல் வந்து உட்காருகிறது. முப்பதாவது வளைவோ என்னவோ, எதிரே டவுன் பஸ் வந்தது, ஓரம் கட்டி நிறுத்தினேன். இடது கால் சரளையில் லேசாக வழுக்கிய அந்த ஒரு நொடியில் உன் முகமும், வண்டியை மூடியிருக்கிற அந்த ஃபேரிங்கின் விலையும் சேர்ந்தே கண்முன் வந்தன. ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே, கீறல்கூட இல்லை. ஆனால் இதே மலையில் டாமினாரை இரண்டாவது கியரிலேயே போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறுகிறவன் நான். அன்றைக்குச் செம்மேடு போய்ச் சேர்ந்ததும் பாட்டு வரவில்லை, டீ குடித்தேன்.

இன்னொன்று, ஊருக்குள் இருக்கிற வேகத்தடைகள். பெயின்ட் அடிக்காமல் பஞ்சாயத்துக்காரர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டது. உன் வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையில் 135 மில்லிமீட்டர்தான். குச்சிக்கிழங்கு லோடு பார்க்க நான் போகிற ரோடுகளை நீ பார்த்ததில்லை.

சரி, அதெல்லாம் ஓட்டுகிறவன் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் என்பாய். நியாயம்தான். அதனால் திரும்பி வந்து கொஞ்சம் நிதானமாக யோசித்தேன், நெடுஞ்சாலையில் எனக்கு உண்மையில் பிடித்தது எது என்று. குதிரைத்திறனா? நாலு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தில் சமதளத்தில் ஒரு பைக்கை ஓட்ட பத்துக் குதிரைத்திறன்கூடத் தேவைப்படாது. என்னிடம் 40 இருக்கிறது. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் காற்று தள்ளுகிற தள்ளு ஒன்றரை மடங்காகிறது. நான் வண்டி திணறுகிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது என் நெஞ்சிலும் கழுத்திலும் அடிக்கிற காற்றைத்தான் என்று உன் வண்டியின் விண்ட்ஸ்கிரீனுக்குப் பின்னால் குனியாமல் உட்கார்ந்து வந்தபோதுதான் உறைத்தது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நம் தெருப் பையன் ஒருவனிடம் கேட்டேன். அவனுடையதும் டாமினார், 2021-க்குப் பிறகு டூரிங் சாமான்களோடு வந்தது, உயரமான விண்ட்ஸ்கிரீன், கைக்குக் காற்றுத் தடுப்பு எல்லாம் உண்டு. என்னுடையது 2019, அதெல்லாம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை மாற்றிக்கொண்டு கரூர் வரைக்கும் போய் வந்தேன். உன் வண்டியின் சுகத்தில் பாதி வந்துவிட்டது மாப்ளே, பாதிக்கு மேலேயே என்று சொல்லலாம். வராத பாதி அதிர்வு. ஒரே ஒரு பெரிய பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற வண்டியில் அது இருக்கத்தான் செய்யும், ஹேண்டில் முனையில் கனம் மாட்டினால் கொஞ்சம் அடங்கும், முழுசாகப் போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி டீ குடிக்க அது ஒரு சாக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். உன் டாங்க் 19 லிட்டர், என்னுடையது 13. நீ பெருமையாகத் தட்டிக் காட்டினாயே! நான் ஓட்டியதில் உன் வண்டி லிட்டருக்கு 17 கொடுத்தது, என்னுடையது 26-க்குக் குறைந்ததில்லை. பெருக்கிப் பார், இரண்டும் முந்நூற்று முப்பது பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன. பங்க்கில் நீ ஆறு லிட்டர் அதிகமாகப் போட்டுவிட்டு என்னோடு அதே இடத்தில் நிற்பாய்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ நண்பன் விலை சொன்னாய், அதில் எனக்குக் குறையே இல்லை, வெளியில் அந்த விலைக்குக் கிடைக்காது. ஆனால் வண்டி கேஏ பதிவு, கர்நாடகா. தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆர்டிஓ-வில் ஆயுள் வரியை மறுபடி கட்டி, அங்கே நீ கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டு, அது எப்போது வருகிறதோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். டயருக்கு நீ போன தடவை நாற்பதாயிரத்தைத் தொட்டேன் என்றாய். உன் பின் டயர் 190 அகலம், என்னுடையது 150, இங்கே சேலத்தில் எந்தக் கடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். ராசிபுரத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு சர்வீஸுக்கும் உன் ஊருக்கோ கோவைக்கோ ஓட வேண்டும், மில்லில் கிழங்கு வரத்து இருக்கிற மாசத்தில் அது நடக்கிற காரியமா?

அப்போ நடுவில் ஏதாவது வாங்கு என்பாய். அதையும் பார்த்துவிட்டேன். கவாசாகியிலேயே வெர்சிஸ் 650 என் மனசுக்கு நெருக்கமானது, 649 சிசி, இரட்டை சிலிண்டர், 21 லிட்டர் டாங்க், 219 கிலோ, நிமிர்ந்து உட்காரலாம், விண்ட்ஸ்கிரீனை ஏற்றி இறக்கலாம், மனைவிக்கும் பின் சீட் அகலம். ட்ரையம்ப் டைகர் ஸ்போர்ட் 660-ஐக் கோவையில் ஓட்டிப் பார்த்தேன். மூணு சிலிண்டர், 81 குதிரைத்திறன், அந்தச் சத்தம் இருக்கிறதே, அடடா. ஆனால் ஷோரூம்காரர்கள் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் விடவில்லை, பின்னால் ஒரு பையனை வேறு உட்கார வைத்துவிட்டார்கள், அவன் வழியெல்லாம் சார் மெதுவா சார் என்றான். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டப்போகிற வண்டியை அவிநாசி ரோட்டில் மூணு சிக்னல் ஓட்டிப் பார்த்து எப்படி எடைபோடுவது? புதுசு என்றால் விலையும் உதைக்கிறது. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசிக்கு மேலே போனால் ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குக் கீழே 18. என் டாமினார் 373, வெறும் 23 சிசியில் பணக்காரன் வண்டி ஆகிவிட்டது பார், ஒரு நாளாவது தெருவில் அந்த மரியாதை கிடைத்ததா?

உன் மாடலுக்கு அடுத்து 1100 வந்ததே, அதைக் கவனித்தாயா? சிசியை 1099-க்கு ஏற்றிவிட்டுக் குதிரைத்திறனை 142-இலிருந்து 136-க்கு இறக்கியிருக்கிறார்கள், நடுவேகத்தில் இழுவையைக் கூட்டி, மேல் கியர் இரண்டையும் நெடுஞ்சாலைக்குத் தோதாக நீட்டியிருக்கிறார்கள். தூரம் போகிறவனுக்கு எது வேண்டும் என்பது கவாசாகிக்கும் தெரிகிறது.

ஒரு இடத்தில் மட்டும் உன் வண்டியை நினைத்து ஏங்குவேன். காற்றாலைகள் நிற்கிற முப்பந்தல். ஆனி ஆடிக் காத்தில் நாம் இரண்டு பேரும் ஆரல்வாய்மொழி தாண்டினோமே, நீ பாட்டுக்கு முன்னால் ரயில் மாதிரி போனாய், நான் பின்னால் காத்தாடிகளையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வண்டியை மேற்கே சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும் என்கிற நிலைமையில் வந்தேன். அந்த சிமெண்ட் மூட்டை அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது.

நான் செய்யப்போவது இதுதான். அந்த உயரமான விண்ட்ஸ்கிரீனும் கை தடுப்பும் வாங்கியாகிவிட்டது. சேலத்தில் ஒரு சீட் கடைக்காரர் பழைய ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு என் எடைக்கும் மனைவியின் உயரத்துக்கும் பார்த்து வேறு வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார், பின் டயரும் செயின் செட்டும் மாற்ற வேண்டும். எல்லாம் சேர்த்தும் உன் டயர் செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் டிஎன் பதிவில், சுத்தமான ஒரு வெர்சிஸ் பழசாக எங்கேயாவது கண்ணில் பட்டால் நான் இந்தக் கடிதத்தில் எழுதியது எதையும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நீ எதற்கு விற்கிறாய் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. மகள் காலேஜ் ஃபீஸ் என்றால் சரி, பேச்சே இல்லை, விற்றுவிடு, ஆனால் முதலில் போன் பண்ணுகிற புரோக்கருக்குக் கொடுத்துவிடாதே. முதுகுவலிதான் காரணம் என்றால் கொஞ்சம் பொறு. உன் ஹேண்டில் எனக்கே தாழ்வாகப் பட்டது, நீ என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். உயர்த்தி வைக்கிற ரைசர் கிடைக்கிறது, அதை மாட்டி ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு. டாக்டர் பைக்கே கூடாது என்று சொல்லியிருந்தால் அதை என்னிடம் மறைக்காதே.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது டிவி சீரியலில் வருகிற புடவை நிறத்தையெல்லாம் எனக்கு விவரிக்கிறாள். உன்னைக் கேட்டாள். ராசிபுரம் நெய் இரண்டு கிலோ உனக்காக உருக்கி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் அனுப்ப மாட்டாளாம், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள்.

உன் வண்டியிலேயே வா. கொல்லிமலைக்கு மட்டும் இரண்டு பேரும் என் வண்டியில் போவோம், புது சீட் எப்படி என்று பின்னால் உட்கார்ந்து நீதான் சொல்ல வேண்டும்.

உன் பழைய ரூம்மேட்