பி.எட். கடனும் முதல் சம்பளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டப்படிப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகி, பாளையங்கோட்டை முதல் வள்ளியூர் வரை பி.எட். சேர்க்கைச் சுவரொட்டிகள் ஒட்டப்படும் காலம் இது. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே ரூ.36,400 என்பதை நம்பித்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகின்றன. நானும் அப்படித்தான் கையெழுத்திட்டேன். அந்தத் தொகை பொய்யல்ல; ஆனால், வங்கித் தவணை தொடங்கும் மாதத்தில் பிள்ளையின் கைக்கு வருவது அதுவல்ல.

என் மகள் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்து, 2021-இல் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எட். சேர்ந்தாள். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மாநிலம் முழுமைக்கும் சேர்த்தே ஏறத்தாழ 2,000 இடங்கள்தான், அவளுக்குக் கிடைக்கவில்லை. 2015 முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பு ஆகிவிட்டதால் கட்டணம், விடுதி, பயிற்சிக் காலச் செலவு எல்லாமே இரண்டு ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சமாக ரூ.2 லட்சம் கடன் வாங்கினோம்; வட்டி சுமார் 10 விழுக்காடு. படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. 2024-இல் தவணை தொடங்கியபோது கடன் ரூ.2.5 லட்சமாக வளர்ந்திருந்தது. ஐந்தாண்டில் அடைக்க மாதம் ரூ.5,300 வேண்டும்; ஏழாண்டாக நீட்டினால் ரூ.4,150 போதும், ஆனால் மொத்தத்தில் ரூ.30,000 கூடுதலாகப் போகும்.

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை கட்ட வேண்டாத அந்தச் சலுகைக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. வருமானச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, அதை வங்கியில் கொடுத்த பிறகுதான், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான 'நாக்'கின் தரச்சான்று கல்லூரிக்கு இல்லாததால் எங்களுக்கு மானியம் கிடையாது என்று தெரிந்தது. சேர்க்கையின்போது அதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. கல்லூரிக்குத் தெரியும், சொல்லவில்லை.

இப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவளுக்கு மாதம் ரூ.9,000. மே மாதம் சம்பளம் கிடையாது என்பதால், ஆண்டுக்கு ரூ.99,000. அதில் பதினொரு தவணையாக ரூ.58,300 வங்கிக்குப் போக, அவளுக்கு மிஞ்சுவது மாதம் ரூ.3,400-க்கும் குறைவு. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாததால்தான் அதுவாவது மிஞ்சுகிறது. மே மாதத் தவணையை என் மனைவி கட்டுகிறாள். சுளவை (முறத்தை) மடியில் வைத்து, தன் தாயிடம் பழகிய பீடித் தொழிலை அவள் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்கிறாள். மகள் சுளவைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் பி.எட்.டே படிக்கவைத்தாள். வேறு பள்ளி பார்க்கலாம் என்றால், அசல் சான்றிதழ்களைப் பள்ளி நிர்வாகம் வாங்கி வைத்திருக்கிறது. தனியார் பள்ளிகளை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது. 2022-இல் அரசே தற்காலிகப் பட்டதாரி ஆசிரியர்களுக்கு முதலில் அறிவித்த தொகுப்பூதியம் ரூ.10,000தான்.

அரசு வேலைக்கான பாதையோ வங்கியின் நாட்காட்டியோடு ஒத்துப்போவதே இல்லை. 2013-க்குப் பின் ஆசிரியர் தகுதித் தேர்வு 2017-இல்தான் நடந்தது. என் மகள் 2023-இல் படிப்பை முடித்தாள்; அதன்பின் அடுத்த தகுதித் தேர்வு 2025 நவம்பரில் வந்தது. அதற்குள் ஓராண்டுக்கு மேல் தவணை கட்டியாகிவிட்டது. அதில் தேர்ச்சி பெற்றாலும் உடனே வேலையில்லை. 2018-ஆம் ஆண்டின் அரசாணை 149-இன்படி, நியமனத்துக்கென்று தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். படித்து முடித்த ஓராண்டில் வேலை கிடைத்துவிடும் என்ற கணக்கில் வகுக்கப்பட்ட சலுகைக் காலம் ஆசிரியர் படிப்புக்குப் பொருந்தாது. குறைந்தது மூன்றாண்டாக அதை நீட்டித்து, அக்காலத்து வட்டியையும் தள்ளுபடி செய்ய அரசும் வங்கிகளும் முன்வர வேண்டும். தரச்சான்று இல்லாத கல்லூரிகள், தங்கள் மாணவர்களுக்கு வட்டி மானியம் கிடைக்காது என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட வேண்டும்.

இந்த வாரம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் பி.எட். விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார்கள். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரூ.9,000 சம்பளத்தில் கால் பங்கைத் தவணைக்கு ஒதுக்கினால் ரூ.2,250 ஆகிறது, சலுகைக் கால வட்டியையும் சேர்த்து ஐந்தாண்டில் அடைப்பதாயின், ரூ.85,000-க்கு மேல் கடன் வாங்காதீர்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு பி.எட். பட்டதாரியின் தந்தை,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.