லே-ஆஃப் வேறு, ஆட்குறைப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி. நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போதெல்லாம் நம் நாளிதழ்கள் ‘லே-ஆஃப்’ என்றே தலைப்பிடுகின்றன. அமெரிக்க வழக்கில் அது சரி. நம் சட்டப்படி லே-ஆஃப் ஆனவருக்கு வேலை போகவில்லை. கரண்ட் இல்லை, கச்சாப்பொருள் வரவில்லை, இயந்திரம் பழுது, சரக்கு தேங்கிவிட்டது என்பது போன்ற காரணங்களால் அப்போதைக்கு வேலை தர முடியவில்லை, அவ்வளவுதான். பெயர் மஸ்டர் ரோலில் (பணியாளர் வருகைப் பதிவேட்டில்) அப்படியே இருக்கும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் ஓராண்டு பணி முடித்தவருக்கு, அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி கிடைக்கும். கணக்கை முடித்து அனுப்புவது ‘ரிட்ரென்ச்மென்ட்’, அதாவது ஆட்குறைப்பு. அதற்கான உரிமைகள் முற்றிலும் வேறு.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த அந்த உரிமைகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. ஓராண்டு தொடர் பணி இருந்தால், காரணம் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். இல்லையேல் அந்த மாதச் சம்பளம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கில் வரும். 8 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்தவருக்கு 9 ஆண்டு, ஆக 135 நாள் ஊதியம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதில் சேராது, அது தனி. புதிய சட்டத்தில், வேலை இழந்தவர் புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் பயிற்சி நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் ஊதியம் 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். அதே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் வெளியே போனவருக்கே முன்னுரிமை.

இத்தனையையும் ஒரே கையெழுத்தில் இழக்க வைக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, “ரிசைன் பண்ணிடுங்க, இல்லாட்டி ரிலீவிங் லெட்டர்ல டெர்மினேட்டட்னு போட வேண்டியிருக்கும்” என்பார்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. ஆகவே அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். “எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். நடந்ததை அன்றே தேதியிட்டு, சொந்த மெயிலிலிருந்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். அலுவலக மெயிலை எந்த நிமிடமும் முடக்கிவிடுவார்கள் என்பதால், நியமன ஆணையும் சம்பளச் சீட்டுகளும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டால், அது ஏற்கப்படும் முன்பே திரும்பப் பெறுவதாக மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அடுத்து தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு.

‘மேனேஜர்’ என்று பதவி இருந்தாலே உரிமை இல்லை என்பதும் தவறு. பதவிப் பெயரை அல்ல, செய்யும் வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல என்ற வரம்பு மேற்பார்வைப் பணிக்குத்தான், தொழில்நுட்ப வேலைக்கு அல்ல.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, வேலை இழந்தவர்களுக்கு நோட்டீஸ் தரப்பட்டதா, இழப்பீடு அன்றே கொடுக்கப்பட்டதா, ராஜினாமா எழுதி வாங்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளை உங்கள் செய்தியாளர்கள் நிறுவனத்திடம் கேட்டு, அதன் பதிலையும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் சட்ட ஆலோசகர்,
கோயம்புத்தூர்