மேற்கு மூலைப் புல்லுக்கு ஒரு சோதனை வையுங்கள்

களை ஆராய்ச்சி செய்யும் கோவைப் பக்கத்து அறிஞர்களுக்கு, வணக்கமுங்க.

வேளாண்மை படித்துவிட்டு, உடுமலைப் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத்தில் மக்காச்சோளம் போடுகிறவன் நான். நாலு வருசம் முன்னால் அட்ரசின் என்ற களை மருந்துக்கு மடிந்த புல், இந்தப் புரட்டாசிப் பட்டத்தில் தோட்டத்து மேற்கு மூலையில் மடியவில்லை. மருந்துக் கடையில் சொன்னேன். "டோசைக் கூட்டி அடிங்க, இல்லீன்னா புதுசா ஒன்னு வந்திருக்குது" என்றார்கள். கூட்டியும் அடித்தேன். புல் நிற்கிறது.

அட்ரசின் மக்காச்சோளத்தை விட்டுவைப்பதற்கு மருந்தின் நல்ல மனசு காரணமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குளுட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி பயிருக்குள்ளேயே அதைக் கட்டிப்போடுகிறது. முளைத்தபின் அடிக்கும் டெம்போட்ரையோன் என்ற களை மருந்தைச் செரிப்பது சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் கூட்டம். பயிர் செய்வதைப் புல்லும் செய்யும். கலிஃபோர்னியா நெல் வயலில் குதிரைவாலி இனத்துப் புல் ஒன்று, இந்தக் கூட்டத்து நொதிகள் இரண்டைக் கூடுதலாக உண்டாக்கிப் பல மருந்தைத் தாங்கியது. ஹரியானா கோதுமைக் காட்டில் ஐசோபுரோட்டுரான் என்ற களை மருந்து 1990களின் தொடக்கத்திலேயே தோற்றது. ஆஸ்திரேலிய ரை புல் தன்மேல் ஒருமுறைகூடப் படாத மருந்துக்கும் சாகவில்லை. புல் இப்படிப் பல மருந்தையும் சிதைக்கும் என்றால், "மருந்தை மாத்தி மாத்தி அடிங்க" என்று விவசாயிகள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறீர்களே, அது மட்டும் போதுமா?

இன்னொன்று. அதே பி450 குடும்பத்து வேறு நொதிகள்தான் செடியின் ஸ்டீராய்டு ஹார்மோனான பிராசினோஸ்டீராய்டை உண்டாக்குகின்றன. 1979இல் மூட்டை மூட்டையாகக் கடுகினப் பூவின் மகரந்தத்தைச் சலித்துச் சில மில்லிகிராம் எடுத்த சரக்கு, இன்று எங்கள் கடையில் வளர்ச்சி டானிக். வெள்ளரியில் தெளித்தால் இலைக்குள் இருக்கும் பூச்சிமருந்து சீக்கிரம் சிதைகிறது என்று ஆய்வு உண்டு. நல்லதுதான். ஆனால் பயிருக்கு அடிக்கும் டானிக் பக்கத்துப் புல்மேலும் படுகிறதே, அதுவும் களை மருந்தைச் சிதைக்கக் கற்றுக்கொள்ளாதா? எங்கள் மண்ணில் இதை யாராவது பார்த்தீர்களா?

நான் கேட்பது பெரிய செலவில்லை. புல் விதையைத் தொட்டியில் முளைக்க வைத்து, பி450ஐ முடக்கும் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை முதலில் தெளித்து, பிறகு களை மருந்தை அடியுங்கள். அப்போது மட்டும் செத்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த நொதிதான். படைப்புழுவுக்கான, மாலத்தியான் வகையான ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தையும் களை மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து பயிரையே கருக்கிக்கொள்கிறவர்களுக்கும் இதே பாடம் உதவும். முடிவை அடுத்த பட்டத்துக்கு முன்னால் உழவர் சந்தைப் பலகையில் ஒட்டுங்கள்.

மேற்கு மூலையை இன்னும் வெட்டாமல் விட்டிருக்கிறேன். கதிர் உதிர்வதற்குள் வந்தால் ஒரு பை விதை எடுத்துக்கொண்டு போகலாமுங்க.