கர்ப்பிணிகளுக்கு ஹேர் டை, வேக்ஸிங்: நம் பார்லர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அக்காக்களுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குரூப்புகளில் நம் பார்லரைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்னக்கா இது?" என்று கேட்டீர்கள். நேரில் கேட்டதற்கு நன்றி. கேட்காமலே நம்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

"மாசமா இருக்கிற பொண்ணை உட்காரக்கூட விடாம அனுப்பிட்டாங்க" என்கிறது அந்தக் குரல். மற்றதை எல்லாம் விடுங்கள், இந்த ஒரு வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தங்கச்சி படியேறி மூச்சு வாங்க வந்ததும் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தோம். ஐப்ரோ எடுத்தோம். கைக்கு வேக்ஸிங்கும் செய்தோம். மறுநாள் வளைகாப்பு, முடியை நேராக்கும் கெரட்டின் ஸ்மூத்னிங்கும் கருப்பு டையும் அன்றைக்கே வேண்டும் என்றார். அந்த இரண்டுக்கு மட்டும்தான் முடியாது என்று சொன்னோம். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் செக்கப் முடித்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் வெயில் தாழும்வரை நம் கடையில் உட்கார்ந்துவிட்டுப் போகிற பெண்கள் உண்டு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் முடியாது என்றோம்? கெரட்டின் மருந்துகள் பலவற்றில் சூடான அயர்னை வைத்து இழுக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும். புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது. 'இதில் அது இல்லை' என்று லேபிள் ஒட்டிய சில மருந்துகளும் சூட்டில் அதைத்தான் விடுகின்றன. பிள்ளை பிறக்கும்வரை அது வேண்டாம்.

டை விஷயம் வேறு. தலையில் போடும் டை தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம். முதல் மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், அப்புறம் காற்றோட்டமான இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். எங்கள் கவலை அலர்ஜி. கருப்பு டைகளில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயப்பொருள் இருக்கும். வருஷக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று கண்ணும் நெற்றியும் வீங்கிப்போகும். கர்ப்ப காலத்தில் சிலருக்குத் தோல் சீக்கிரம் எரிச்சலாகும். அதனால் காதுக்குப் பின்னால் டையை ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்காமல் போடுவதில்லை. மறுநாள் விசேஷத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது, நீங்களே சொல்லுங்கள். பத்து நிமிஷத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கருப்பு மெகந்தி கோனும் இதே வகைதான், எங்களிடம் கிடையாது. நிஜ மருதாணி முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும், மறுநாள்தான் சிவக்கும்.

முடி எடுப்பதில் பெரிய பயம் இல்லை. த்ரெட்டிங், ரேஸர், வேக்ஸிங் மூன்றும் செய்துகொள்ளலாம். மெழுகை வழக்கத்தைவிட ஆறவைத்துத்தான் போடுவோம். நரம்பு சுருண்ட காலில் போடமாட்டோம். முடி நீக்கும் கிரீம் என்றால் அதற்கும் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும், அந்த வாடை சிலருக்குக் குமட்டும். வயிற்றிலும் தாடையிலும் புதிதாக முடி வருவது ஹார்மோன் செய்கிற வேலை. பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம்.

அந்த மெசேஜுக்குக் கீழேயே "அந்த அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல" என்று பதில் போட்டவர்களை நான் மறக்கமாட்டேன். நான் தலை பின்னிவிட்ட பிள்ளைகள் இன்று தங்கள் மகளை அழைத்து வருகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் கடை நடக்கிறது.

கலரிங்குக்கு இனி இரண்டு நாள் முன்னால் வந்து டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சாமான் விலை ஏறியதால் ஒன்றாம் தேதியிலிருந்து வேக்ஸிங்குக்கும் கலரிங்குக்கும் 50 ரூபாய் கூடும்.

கர்ப்பமாக இருந்தால் வந்ததுமே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முடியவில்லை, இன்னும் யாருக்கும் தெரியாது என்றால் என் காதோடு மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
உங்கள் பார்லர் அக்கா
தண்டையார்பேட்டை