சிவப்பு போன சட்டை

அன்புள்ள கண்ணனுக்கு,

போன வாரம் போனில், "நாள் முழுக்க என்னதாம்மா வரையுற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நான் வரைகிற நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் சீவுவது, நனைப்பது, ஒட்டுவது, காயும்வரை காத்திருப்பது, கிழித்துப் போடுவது.

காலையில் முதலில் எடுப்பது யாருக்கும் காட்டாத அந்த நோட்டு. கண்ணைப் பொருளின் மேலேயே வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், பென்சிலை எடுக்காமல் ஓடவிடுவேன். கத்தரிக்கோல், செருப்பு, ஜன்னல் கொக்கி, பெரும்பாலும் என் இடது கை. கூலி கேட்காமல் உட்காரும் மாடல் அது ஒன்றுதான். கைக்கு ஐந்து விரல் என்று நமக்குத் தெரியும், அதனால் ஐந்தையும் போட்டுவிடுகிறோம். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து தெரிவது மூன்றுதான். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரிகிறதை வரைய இன்னும் என் கை முழுதாகப் பழகவில்லை. வருகிற கோடுகள் சிரிப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிஷம், பிறகு மூடி வைத்துவிடுவேன்.

பென்சிலைக் கத்தியால்தான் சீவுகிறேன். முனை நீளமாக வெளியே நின்றால்தான் படுக்கவைத்து நிழல் போட முடியும். சின்ன வயதில் நீ கேட்பாய், ஒரே மாதிரி இருக்கும் பென்சில்களில் ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பு என்று. எல்லாம் களிமண் கணக்கு. பிரான்சுக்கு இங்கிலாந்திலிருந்து நல்ல கிராஃபைட் வருவது போரால் நின்றுபோனபோது, காண்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுப் பார்த்தார். அது 1795. களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு. ஓரளவு கறுப்பான 2பி பென்சிலில் ஆரம்பித்து, இருட்டான இடத்துக்குக் கடைசியில்தான் அதைவிடக் கறுப்பான 6பி-யைத் தொடுவேன். முதலிலேயே தொட்டால் உள்ளங்கை போகிற இடமெல்லாம் கரி. இப்போதும் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ள மறந்துபோய், முடிந்த முகத்தில் மீசை இழுத்துவிடுகிறேன்.

சரி, பார்சலைப் பிரித்திருப்பாய். புத்தகங்களில் ஒட்ட நீ கேட்ட பெயர்ச் சீட்டு, இருபது. லினோ என்கிற, செதுக்க மெதுவாக இருக்கும் பலகையில் செதுக்கி, மை தடவி, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து ஒவ்வொன்றாக எடுத்தது. ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஏழாவதில் ஓரத்தில் மை திட்டாக இருக்கும், அதையும் வைத்துக்கொள். இதற்கு முன்னால் ஒரு பலகை வீணாயிற்று. அச்சில் நேராக வர, பலகையில் எழுத்து திரும்பி இருக்க வேண்டும். மென்மையான பென்சிலால் எழுதி, தாளைக் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தானாகவே திரும்பி விழும். அவசரத்தில் கார்பன் தாள் வைத்து நேராகவே படியெடுத்துவிட்டேன். இரண்டு நாள் செதுக்கி மை போட்டுப் பார்த்தால், உன் பெயர் கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்கலாம். திரும்பச் செதுக்கும்போது 'ண்ண' என்னைப் படுத்திய பாடு! திருப்பிப் போட்ட எழுத்தில் எத்தனை சுழி என்று விரல் விட்டு எண்ணினேன். உனக்கு இப்படிப் பெயர் வைத்ததும் நான்தான், யாரைக் குறை சொல்ல? உளி வழுக்கி விரலில் பட்டதை உன் தங்கை சொல்லியிருப்பாள். சின்னக் கீறல்தான். பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

அலமாரியை ஒழித்தபோது நீ ஆறு வயதில் உட்கார்ந்த படம் கிடைத்தது. சிவப்புச் சட்டை, தலை கலைந்து, காலை ஆட்டிக்கொண்டு இருப்பாயே, அது. கொஞ்ச காலம் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தோம். இப்போது சட்டையில் சிவப்பே இல்லை, ஏதோ நனைந்து காய்ந்த கறை போல இருக்கிறது. தாளும் பழுத்துவிட்டது. அன்று கையில் கிடைத்தது மரக்கூழ்த் தாள். அது வெளிச்சத்தில் மஞ்சளாகத்தான் செய்யும். பருத்தித் தாளுக்கு நான் மாறியது பிறகுதான். எந்த வண்ணம் வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்று டியூபின் மேலேயே போட்டிருக்கும். அப்போது அதைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தெரியாது, நிறம் பளிச்சென்று இருந்தால் போதும். வான்கோ 1888-இல் தன் படுக்கையறையை வரைந்தபோது சுவர் இளம் ஊதா என்று தம்பிக்கு எழுதினார். அதிலிருந்த சிவப்பு வெளிறிப்போய் இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் ஆறவில்லை.

பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. கிராஃபைட் என்பது வெறும் கரிதானே, வெயில் அதை ஒன்றும் செய்யாது. உன் காது, காலர், மடித்துவிட்ட கை எல்லாம் நேற்றுப் போட்ட மாதிரி. மேலே புதுச் சிவப்பைப் பூசிவிடேன் என்று உன் அப்பா சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டு, நல்ல தாளில் இன்னொன்று வரைகிறேன். தாளை நனைத்துப் பலகையில் ஒட்டியாயிற்று, கோடும் போட்டாயிற்று.

சட்டையில்தான் நிற்கிறேன். நீ இரண்டு நிமிஷத்துக்கு மேல் உட்காரவில்லை, அதனால் பொத்தான்களைப் பென்சிலில் போடாமல் பிரஷ்ஷாலேயே வைத்துவிட்டேன். சட்டையோடு அவையும் போய்விட்டன. வெள்ளைப் பொத்தானா, சிவப்பேதானா? மேல் பொத்தான் அறுந்து வேறொன்று தைத்த ஞாபகமும் இருக்கிறது. அது அந்தச் சட்டைதானா? போனில் கேட்டால் "தெரியலம்மா" என்று வைத்துவிடுவாய். கொஞ்சம் யோசித்து எழுது. அதுவரை அந்த இடத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா