துணிப் பூவுக்குக் கஞ்சி, தொப்பிக்கு ஃபெவிகால் போடுகிறோம்: சனிக்கிழமை காலை 10 மணி

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். ஆண்டு விழாவுக்கான துணிப் பூக்களையும் தொப்பிகளையும் வரும் சனிக்கிழமை நம் மொட்டை மாடியில் செய்கிறோம். வெயில் இருக்கும்போதே காய வேண்டும், அதனால் நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

1. பருத்தித் துணி மட்டும். பாலியஸ்டரில் கஞ்சி சரியாகப் பிடிக்காது. புதுத் துணியை ஒருமுறை அலசிக் கொண்டு வாருங்கள்.

2. பூவுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. 2 மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை கிளறிக் காய்ச்சி வடிகட்டுங்கள். கட்டி இருந்தால் இதழில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அன்று காலையே காய்ச்சுங்கள், முந்தின நாள் கஞ்சி புளித்துவிடும்.

3. முழுத் துணியையும் நனைத்துக் காயவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்ட பிறகே இதழ் வெட்ட வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நூல் பிரியாது.

4. தொப்பிக்குக் கஞ்சி போதாது. ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து பூசுவோம். தொப்பிக்கு அச்சாக வைக்கக் குழந்தையின் தலை அளவுக்கு ஒரு கிண்ணம், அதன்மேல் சுற்ற பிளாஸ்டிக் தாள் கொண்டு வாருங்கள்.

போன வருடம் சின்னத் தூறலிலேயே பூக்கள் தொய்ந்து, பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். முடித்ததை மூடிய டப்பாவில் வையுங்கள்.

யார் வருகிறீர்கள், எத்தனை தொப்பி வேண்டும் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.