மாத்திரை போட்டா விசுவாசம் இல்லேன்னு ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, முழு விசுவாசம் உள்ளவன் டாக்டர்கிட்ட போக மாட்டான், பழைய ஏற்பாடே அப்படித்தான் சொல்லுதுன்னு. நான் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, தினமும் ஜெபமும் பண்றவ, படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. பழைய ஏற்பாடு யூதர்களோட வேதம், அவங்க அதை எப்படி படிச்சாங்கன்னு அவரு பாத்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாரு.

யாத்திராகமம் 21:19 எடுத்துக்கோங்க. ஒருத்தன் இன்னொருத்தனை அடிச்சு படுக்க வச்சுட்டான்னா வேலை கெட்ட நாளுக்கு காசும் கொடுக்கணும் வைத்தியமும் பாத்து விடணும். அடிதடி கேஸ் சட்டம், அவ்வளவுதான். ஆனா இந்த ஒரு வரியை வச்சுத்தான் வைத்தியனுக்கு வைத்தியம் பாக்க அனுமதி உண்டுன்னு தல்மூத்ல, அதாவது யூதர்களோட பழைய சட்ட விளக்க நூல்ல, ரபிமார்ங்கிற அவங்க வேத போதகர்கள் சொல்றாங்க. அனுமதி எதுக்கு? நம்ம வாசகருக்கு வந்த அதே சந்தேகம் அந்த காலத்துலயே இருந்திருக்கு.

அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. ரபி இஸ்மவேலும் ரபி அகிபாவும் எருசலேம்ல நடந்து போறப்ப ஒரு நோயாளி வந்து எனக்கு எப்படி சொஸ்தமாகும்னு கேக்குறான், இவங்களும் இன்ன மருந்து சாப்பிடுன்னு சொல்லி அனுப்புறாங்க. கூட வந்த ஒரு சம்சாரிக்கு, அதான் விவசாயிக்கு, பொறுக்கல, நோயைக் கொடுத்தது யாருன்னு கேட்டான், கடவுள்னு சொன்னாங்க, அப்ப உங்களுக்கு சம்பந்தமில்லாத விஷயத்துல ஏன் தலையிடுறீங்கன்னுட்டான். உனக்கு என்னப்பா வேலைன்னு இவங்க திருப்பி கேக்க, விவசாயம், கையில அரிவாள் தெரியலையா. நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் படைச்சது யாரு? கடவுள். அவர் படைச்சதுல நீ ஏன் கை வைக்கிற? அவன் சொல்றான், நான் உழுது களை எடுத்து எரு போடலைன்னா ஒண்ணும் விளையாதே. அட முட்டாளே, உடம்புதான் மரம், மருந்துதான் எரு, வைத்தியன்தான் சம்சாரின்னாங்களாம்.

மைமோனிடிஸ்னு 12ஆம் நூற்றாண்டு ரபி, எகிப்துல சுல்தான் சலாஹுதீன் அரசவைக்கு வைத்தியமும் பாத்தவர், இன்னும் காரமா கேக்குறாரு: பசிக்கிறவன் ரொட்டி தின்னா பசிங்கிற நோய் தீருது, அவனும் கடவுளை நம்பாதவனா? எல்லாரும் இப்படியே சொல்லலைங்க, அடுத்த நூற்றாண்டுல வந்த நாக்மானிடிஸ்னு இன்னொரு ரபி, அவரும் வைத்தியர்தான், தீர்க்கதரிசிகள் காலத்து நீதிமான்கள் வைத்தியனைத் தேடிப் போகலன்னு எழுதினாரு. ஆனா சட்டமா நின்னது வேற. ஷுல்ஹான் அரூக்னு 16ஆம் நூற்றாண்டு யூத சட்டத் தொகுப்பு வைத்தியம் பாக்குறது கடமை, தெரிஞ்சவன் பாக்காம விட்டா ரத்தம் சிந்தின பாவம்னு சொல்லுது.

ஜெபத்தை விட்டுட்டாங்களான்னா அதுவும் இல்ல. அந்த காலத்துல கெட்ட ரத்தம்னு உடம்புலேர்ந்து வெளியேத்துற வைத்தியத்துக்குப் போறவன் இந்த வைத்தியம் எனக்கு சுகம் தரட்டும்னு ஜெபிச்சுட்டு போகணும். அட, டாய்லெட் போய்ட்டு வந்து சொல்றதுக்குக் கூட அவங்களுக்கு ஒரு ஜெபம் இருக்கு, உடம்புல உள்ள துவாரத்துல ஒண்ணு அடைச்சாலும் திறந்தாலும் உம் முன்னால நிக்க முடியாதேன்னு. சிரிக்காதீங்க, ஆபரேஷன் முடிஞ்சு டியூப் எடுத்த பிறகு முதல் தடவை யூரின் போன பேஷன்ட் மூஞ்சியைப் பாத்தவங்களுக்கு அந்த ஜெபம் புரியும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது பாவநிவிர்த்தி நாள் சட்டம்தான். வருஷத்துலயே பெரிய உபவாசம், ஆனா நோயாளி எனக்கு சாப்பிட்டாத்தான் ஆகும்னு சொன்னா நூறு டாக்டர் வேண்டாம்னாலும் அவன் பேச்சைக் கேட்டு சாப்பாடு கொடுக்கணுமாம். நான் வேலை பாத்த வார்டுல ரவுண்ட்ஸ் வந்த சில டாக்டருங்க காதுல இதைப் போட்டிருக்கணும், சரி அது வேற கதை.

கடவுள் பாத்துப்பாருன்னு இன்சுலினை நிறுத்திட்டு வந்தவங்களுக்கு கால் எடுத்ததை நான் கிட்ட இருந்து பாத்திருக்கேன். அந்த வாசகர் திரும்ப எழுதுறதா இருந்தா அந்த 21:19க்கு அவர் என்ன அர்த்தம் வச்சிருக்காருன்னு முதல்ல எழுதட்டும்.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் நர்ஸ் ஒருத்தி,
நாகர்கோவில்